விதைகள் ஏன் ஒரே நாளில் முளைப்பதில்லை?

98 குழித் தட்டு ஒன்றில் தக்காளி விதை போடுகிறோம். ஒரே பழத்து விதை, ஒரே நார்க்கழிவு, ஒரே பூவாளித் தண்ணீர். ஐந்தாம் நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வளைந்த கழுத்து எட்டிப் பார்க்கும். ஏழாம் நாள் பாதிக்கு மேல் வந்துவிடும். பத்தாம் நாளும் சிலது அப்போதுதான் மேலே முட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் முதலில் வந்தவை முதல் நிஜ இலையை விடத் தயாராகிவிடும். மூத்ததற்கு வெயில் வேண்டும், இளையதற்கு ஈரம் வேண்டும். இரண்டும் இருப்பதோ ஒரே தட்டில். வீட்டு ஆட்களே சேர்ந்து நடத்தும் சின்ன நர்சரியில் பாதி வேலை இந்த ஏற்றத்தாழ்வோடு மல்லுக்கட்டுவதுதான்.

விதை மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் விதையின் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். காட்டில் விழுகிற விதைகள் எல்லாம் ஒரே நாளில் முளைத்தால் ஆபத்து. ஒரு மழையை நம்பி அத்தனையும் எழுந்து, அப்புறம் இரண்டு வாரம் காய்ந்தால் அந்தச் செடியின் வம்சமே போச்சு. கொஞ்சம் விதை தூங்கிக்கொண்டே இருந்தால் அடுத்த மழைக்கு ஆள் மிஞ்சும். 1966இல் டான் கோஹன் என்ற உயிரியலாளர் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். நல்ல வருஷம் எது, கெட்ட வருஷம் எது என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில், விதைகளில் ஒரு பங்கை முளைக்காமல் நிறுத்திவைக்கிற செடிதான் நீண்ட ஓட்டத்தில் தாக்குப்பிடிக்கும்.

அந்தத் தூக்கம் எவ்வளவு நீளலாம் என்பதற்கு நேரடிச் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் 1879இல் 20 பாட்டில்களில் விதைகளை மணலோடு கலந்து மண்ணுக்குள் புதைத்தார். பல வருஷங்களுக்கு ஒருமுறை ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்து முளைக்க விடுகிறார்கள். 2021இல் எடுத்த பாட்டிலில், 141 வருஷம் கழித்து, வெர்பாஸ்கம் என்ற களைச்செடி முளைத்தது. அடுத்த பாட்டிலின் முறை 2040இல் வரும்.

நர்சரிக்காரர் கேட்பது இதற்கு நேர் எதிர்: எல்லாம் ஒன்றாக எழ வேண்டும், அதுவும் இந்த வாரமே. அதற்கு விதை எதைப் பார்த்து எழுகிறது என்று தெரிய வேண்டும்.

முதலில் தண்ணீர். நன்றாக உலர்ந்த விதையில் ஈரம் எடையில் 5 முதல் 10 சதவீதம்தான் இருக்கும். தண்ணீர் பட்டதும் வேகமாக உறிஞ்சி உப்பும். இது வெறும் பௌதிகம். செத்த விதையும் இதே மாதிரி ஊறும். அதனால் ஊறி உப்பியதை வைத்து உயிர் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அடுத்து வருவது ஓர் அமைதியான கட்டம். எடை ஏறாது, வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மட்டும் வேலை மும்முரம்: உலர்ந்து கிடந்த காலத்தில் பழுதான டிஎன்ஏ சரிசெய்யப்படும், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஓட ஆரம்பிக்கும், புதுப் புரதங்கள் உருவாகும். அப்புறம்தான் முளைவேர் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். விதைக்கு விதை நாள் மாறுவது பெரும்பாலும் இந்த நடுக்கட்டத்தில்தான்.

தக்காளியில் இந்த நடுக்கட்டம் எப்படி முடிகிறது என்பது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. முளைவேரின் நுனிக்கு நேர் முன்னால் சேமிப்புத் திசு ஒரு கெட்டியான மூடிபோல அடைத்து நிற்கும். அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் 'இப்போது வேண்டாம்' என்று பிடித்து வைக்கும். ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோன் கை ஓங்கும்போது, நொதிகள் சுரந்து அந்த மூடியின் செல்சுவரைக் கரைத்து இளக்கும்; வேர் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஜிப்ரெல்லின் உண்டாக்கத் தெரியாத தக்காளி ரகம் ஒன்று ஆய்வுக்கூடங்களில் உண்டு. அதன் விதை தானாக முளைக்காது. வேர் நுனிக்கு எதிரே உள்ள அந்தச் சின்னத் துண்டை வெட்டி எடுத்துவிட்டால் முளைத்துவிடும்! கருவுக்குள் எல்லாம் தயாராகத்தான் இருந்தது, வாசல்தான் அடைத்திருந்தது.

பழத்துக்குள் அவ்வளவு ஈரத்தில் இருந்தும் தக்காளி விதை ஏன் அங்கேயே முளைத்துவிடுவதில்லை என்பதற்கும் இங்கேதான் பதில். பழச்சாறு கெட்டியானது, விதையைத் தேவையான அளவு தண்ணீர் குடிக்க விடாது. போதாததற்கு அப்சிசிக் அமிலமும் இருக்கிறது. விதை எடுக்கிறவர்கள் கூழை ஓரிரு நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு போகக் கழுவி உலர்த்துவது அந்தத் தடையையும் சேர்த்துக் கழுவிவிடும்.

எல்லா விதைக்கும் தண்ணீர் அவ்வளவு சுலபமாக உள்ளே போய்விடாது. கல்வாழை விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பாக, உருண்டையாக, துப்பாக்கி ரவை மாதிரி இருக்கும். நாள் கணக்கில் ஊறவைத்தாலும் பலது அப்படியே கிடக்கும். உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும், உள்ளே வெளுப்பு தெரிகிற வரை தேய்த்துவிட்டு ஊறப்போட்டால் உப்ப ஆரம்பித்துவிடும். அவரைக் குடும்பத்துச் செடிகளில் சில இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. க்ளோவர், லூப்பின் விதைகளில், காயோடு ஒட்டியிருந்த தழும்பு ஒரு வழிக் கதவாக வேலை செய்கிறது. காற்று வறண்டால் திறந்து உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடும். காற்றில் ஈரம் ஏறினால் மூடிக்கொள்ளும். இப்படியே விதை மேலும் மேலும் உலரும், தோலும் மேலும் மேலும் இறுகும்.

அடுத்தது வெளிச்சம். பெட்டூனியா என்ற பூச்செடியின் விதை கிராமுக்குச் சுமார் 10,000 இருக்கும். மூச்சு விட்டால் பறந்துவிடும். அதற்குள் இருக்கும் சாப்பாடும் அதற்கேற்ப அற்பம். ஆழத்தில் முளைத்தால் மேலே வருவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். அதனால் இதுபோன்ற பொடி விதைகளில் பலது வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மேலே தூவி, லேசாக அழுத்திவிட்டு, மூடாமல் விடுவதுதான் முறை. பெரிய விதைகளுக்கு அதன் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும்.

வெளிச்சத்தை விதை எப்படி அறிகிறது? 1952இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்டூஸ் என்ற சாலட் கீரையின் ஊறிய விதைகளின் மேல் சிவப்பு ஒளியைக் காட்டினார்கள்; முளைத்தன. சிவப்புக்குப் பின் தொலைசிவப்பு ஒளியை (சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு அரிதாகவே தெரிவது) காட்டினால் பெரும்பாலானவை முளைக்கவில்லை. மாற்றி மாற்றி எத்தனை தடவை காட்டினாலும் சரி, கடைசியாகப் பட்டது எதுவோ அதுதான் செல்லுபடியானது. பைட்டோகுரோம் என்ற நிறமிதான் இந்தச் சுவிட்ச் என்பது பின்னால் தெளிவானது. இலைகள் சிவப்பைக் குடித்துவிட்டுத் தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடும். ஆக, தொலைசிவப்பு மிகுந்த வெளிச்சம் பட்டால் விதைக்குப் புரிந்துவிடும்: தலைக்கு மேல் வேறு செடி இருக்கிறது, இப்போது எழுந்து பயனில்லை.

வெப்பத்தைப் பொறுத்தவரை தக்காளிக்கு 25 டிகிரி செல்சியஸில் ஆறு நாள் போதும். 10 டிகிரியில் அதே விதை 40 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். லெட்டூஸ் அப்படியே தலைகீழ். 30 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்கள் முளைக்கவே மறுக்கும்.

பெரிய நிறுவனங்களிடம் வெப்பமும் ஈரமும் அளந்து வைக்கிற அறை இருக்கிறது. சின்ன நர்சரிக்கு அதே வேலையை ஒரு பிளாஸ்டிக் தாள் செய்கிறது. விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுற்றி மூடிவிட்டால் ஈரம் போகாது, சூடும் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அதனால் முளைப்பும் நெருங்கி வரும். ஆனால் முதல் கழுத்து தெரிகிற அன்றே அடுக்கைப் பிரிக்க வேண்டும். நடுத்தட்டை உருவிப் பார்ப்பது எங்கள் வீட்டில் அத்தையின் காலை வேலை. ஒரு நாள் தள்ளினால் நாற்று இருட்டில் நூலாக நீண்டுவிடும், அப்புறம் அதைக் குட்டையாக்க யாராலும் முடியாது.

விதை நிறுவனங்கள் இன்னொரு வழியும் வைத்திருக்கின்றன. விதையை அந்த அமைதியான நடுக்கட்டம் வரை அளவாக ஊறவிட்டு, முளைவேர் வருவதற்கு முன்னால் திரும்ப உலர்த்திவிடுவார்கள். பின்தங்கிய விதைகள் அதற்குள் மற்றவற்றை எட்டிப் பிடித்துவிடும். விதைத்தால் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். வேர் வெளியே வந்தபின் உலர்த்தினால் விதை செத்துப்போகும் என்பதால் நேரக்கணக்கு பிசகக் கூடாது. இப்படிப் பக்குவம் செய்த விதை அதிக நாள் தாங்காது, அந்தப் பருவத்திலேயே போட்டுவிட வேண்டும்.

தண்ணீர் கொடுத்துக் கெடுப்பதுதான் கொடுக்காமல் கெடுப்பதைவிட அதிகம் நடக்கிறது. முளைக்கிற விதை வேகமாக மூச்சு விடும், ஆக்சிஜன் வேண்டும். தட்டு எவ்வளவு தாழ்வோ அவ்வளவு தண்ணீர் தேங்கும் என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடியும் கொட்டும். ஸ்பாஞ்ச் மாறவில்லை, உயரம்தான் மாறியது. துளைகளுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் விசை அடிப்பக்கம் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை நனைந்த அடுக்கு ஒன்றை விட்டுவைக்கும். உயரமான தொட்டியில் அது சின்னப் பங்கு, குழித்தட்டிலோ கிட்டத்தட்ட முழுக்குழியும் அதுதான். தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்பதும் இதனால்தான் பொய். நனைந்த அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கும், அவ்வளவுதான். நார்க்கழிவோடு பெர்லைட் போன்ற பருமனான துகளைக் கலப்பதுதான் காற்றுக்கு இடம் விடும். ஈரம் தேங்கிய தட்டில் நாற்றழுகல் வரும். மண்மட்டத்தில் தண்டு நூலாக மெலிந்து நாற்று சாயும். இதற்குக் காரணமான பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரியின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் பரவுபவை. காலையில் ஊற்றி, மாலைக்குள் மேற்பரப்பு உலர விட்டாலே பாதி பிரச்சினை தீரும்.

முளைத்தபிறகும் பைட்டோகுரோமின் ஆட்சிதான். நெருக்கமாக நிற்கும் நாற்றுகள், நிழல் விழுவதற்கு முன்பே, பக்கத்து இலையிலிருந்து தெறிக்கும் தொலைசிவப்பை உணர்ந்து உயர ஆரம்பித்துவிடும். இடைவெளி விடுவதுதான் நேரடி மருந்து. இன்னொன்று, கையாலோ குச்சியாலோ தினமும் நாற்றின் தலையை மெதுவாகத் தடவிக் கொடுப்பது. தொடுகைக்குச் செடி தண்டைக் குட்டையாகவும் தடிமனாகவும் வளர்த்துப் பதில் சொல்லும் என்பதை எம். ஜே. ஜாஃபே என்ற தாவரவியலாளர் 1973இல் விரிவாக எழுதினார். இலை நனைந்திருக்கும்போது மட்டும் செய்ய வேண்டாம், நோயைக் கையாலேயே பரப்பியதாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு பத்தாம் நாளுக்கு மேல் வருகிறதைப் பல நர்சரிகளில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். நாங்களும்தான். சொந்த விதை எடுக்கிற நர்சரியில் இதற்கு ஒரு விளைவு உண்டு: சோம்பலான விதைக்குச் சந்ததி இல்லை, வேகமாக எழுவதற்கே அடுத்த தலைமுறை. பயிர்களை வளர்க்க ஆரம்பித்த காலத்திலிருந்தே மனிதர்கள் தெரியாமலேயே இதைச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் காட்டுச் சொந்தங்களோடு பார்த்தால் நம் பயிர் விதைகளுக்குத் தூக்கம் குறைவு. தானியங்களில் அது சில சமயம் அளவு மீறிப் போயிருக்கிறது. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் கோதுமையும் நெல்லும் கதிரில் இருக்கும்போதே முளைத்து வீணாகும். அதைத் தடுக்கப் பயிர் விருத்தியாளர்கள் இப்போது, அறுவடைக்குப் பின் சில வாரங்கள் மட்டும் தூங்கிவிட்டு விதைப்புக்குள் எழுந்துவிடுகிற ரகங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.