ஐப்பசியில் அழுகாமல், சித்திரையில் காயாமல்

காவிரி டெல்டாவில் வீட்டுச் செடிகள் வெயிலில் சாவதைவிட மழையில் சாவதுதான் அதிகம் என்பது என் கட்சி. சித்திரை வெயிலில் துவண்ட செடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் வேர் அழுகிய செடியை என்ன செய்தாலும் எழுப்ப முடியாது. ஆனாலும் நர்சரிக்குப் போனால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ‘வெயில் தாங்குமா?’

நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. அப்போது வண்டல் களிமண் தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே மண் ஏப்ரல், மே மாதங்களில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஓரிடத்தில் பத்து இருபது வருடம் நிற்க வேண்டிய செடி இந்த இரண்டையும் ஒவ்வொரு வருடமும் தாண்டியாக வேண்டும்.

குளிர் நாட்டுத் தோட்டக்காரர்களின் கணக்கு வேறு. தரை உறையும் பனியைத் தாங்கி, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கிறதா என்பதுதான் பல்லாண்டுச் செடிக்கு அவர்கள் வைக்கும் பரீட்சை. தஞ்சாவூரில் மார்கழி விடியற்காலைகூட 20 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். ஆகவே அவர்களுடைய பட்டியல் நமக்கு உதவாது. துலிப் கிழங்கை ஆன்லைனில் வாங்கி நட்டு, பூக்கவில்லையே என்று வெயிலைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பூ வெளியே வர அதற்குச் சில மாதக் குளிர் வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து நட்டால் ஒரு தடவை பூக்கலாம். அது வேடிக்கைக்குச் சரி, தோட்டத்துக்கு ஆகாது.

பூவுக்காக இல்லாமல் உருவத்துக்காகவே வைக்கும் செடிகள் இருக்கின்றன: வாள் வாளாக இலை விடும் கற்றாழைகள், சுழன்று ஏறும் தாழை, ஒற்றைக் குடையாக விரியும் சேனை. அந்த உருவங்கள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. காற்றும் தண்ணீரும் கிடைக்காத காலத்தை எப்படிக் கடப்பது என்ற சிக்கலுக்கு அந்தச் செடி கண்டுபிடித்த வழிதான் பெரும்பாலும் உருவமாகத் தெரிகிறது.

முதலில் வெள்ளம். வேரும் மூச்சு விடுகிறது; அதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும். நல்ல மண்ணில் மண்துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் காற்று இருக்கும். மழைத் தண்ணீர் அந்த இடைவெளிகளை நிரப்பிவிட்டால், காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்ஸிஜன் தண்ணீருக்குள் பரவும். மிச்சம் மீதி இருப்பதையும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தின்று தீர்த்துவிடும். ஆக்ஸிஜன் இருந்தால் வேர்ச்செல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறுகளைச் சுமார் 30 எண்ணிக்கையில் எடுக்கும். இல்லாவிட்டால் கிடைப்பது வெறும் 2. அந்த வருமானத்தில் வேர் உயிரோடு இருப்பதே கஷ்டம், தண்ணீரை உறிஞ்சுவது எங்கே? அதனால்தான் தேங்கிய தண்ணீரில் நிற்கும் செடியின் இலைகள் தாகத்தில் வாடுவதைப்போலவே வாடுகின்றன. அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு வாளி ஊற்றுகிறவர்களும் உண்டு.

இந்தச் சிக்கலுக்கு டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த விடை நம் வயலிலேயே நிற்கிறது. நெல் வேரைக் குறுக்கே நறுக்கி உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே பெரிய பெரிய காற்றறைகள் தெரியும். இலையில் நுழையும் காற்று தண்டு வழியாக இந்த அறைகளில் இறங்கி வேர் நுனிவரை போகிறது. இவை உருவாகும் விதம் விசித்திரமானது. வேர் எப்போதும் எத்திலீன் என்ற வாயுவைக் கொஞ்சம் வெளியிட்டுக்கொண்டே இருக்கும். சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்துவிட்டால் அது வெளியேற முடியாமல் வேருக்குள்ளேயே தேங்கும். அந்தத் தேக்கம்தான் ‘வெள்ளம் வந்துவிட்டது’ என்ற சேதி. உடனே வேரின் தோலுக்குச் சற்று உள்ளே இருக்கும் புறணியில் உள்ள செல்களில் ஒரு பகுதி தானாகவே இறந்து, மற்றவற்றுக்குக் காற்று போக வழிவிடுகிறது.

வீட்டுத் தோட்டத்தில் இதே வேலையைச் செய்யும் செடி கல்வாழை. இலை, தண்டு, மண்ணுக்குள் ஓடும் மட்டத்தண்டு எல்லாவற்றிலும் காற்றறைகள் உண்டு. பாத்திரம் தேய்க்கும் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் போய்ச் சேரும் கொல்லை மூலையில் வேறு எதுவும் பிழைக்காது, இது மட்டும் மதமதவென்று நிற்கும். அது சும்மா பிழைத்துக் கிடக்கவும் இல்லை. வேருக்கு இறங்கும் ஆக்ஸிஜனில் ஒரு பகுதி வெளியே சேற்றில் கசிகிறது. அந்த மெல்லிய ஆக்ஸிஜன் வளையத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சாக்கடைத் தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரிக்க அமைக்கும் செயற்கைச் சதுப்புகளில் பல நாடுகளில் கல்வாழை நடுவது இதற்காகத்தான். சரி, பூ? நாம் இதழ் என்று பார்ப்பவை பெரும்பாலும் இதழே அல்ல. மகரந்தத் தண்டுகள் உருமாறி அகலமாக விரிந்தவை. ஒரு பூவில் மகரந்தம் தருவது பாதித் தண்டு மட்டுமே. எனக்குப் பூவைவிடச் செம்பு நிற இலை உள்ள வகைகள்தான் பிடிக்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் அதற்கு இணை கிடையாது.

வெட்டிவேரும் காற்றறை உள்ள கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதன் வேர் நேர் கீழாக மூன்று மீட்டர்வரை இறங்கும். வெள்ளத்தில் காற்றறை காப்பாற்றும், கோடையில் ஆழம் காப்பாற்றும். ஆளுயரத் தூராக நிற்கும், அடுத்த பாத்திக்குள் ஓடிப் பரவாது. வாய்க்கால் கரைக்கும் வேலி ஓரத்துக்கும் இதைவிட ஒழுங்கான புல் கிடையாது.

தாழைக்கு இடம் வேண்டும். சின்னக் கொல்லைக்கு அது ஆகாது. ஆனால் வாய்க்கால் ஓரம் பத்தடி கிடைத்தால் யோசிக்கலாம். தாழை ஒருவித்திலைத் தாவரம். வேம்பைப்போல வருடா வருடம் தண்டைப் பருக்கவைக்கும் வசதி அதற்கு இல்லை. தலை கனத்துக்கொண்டே போகும், கால் மெலிந்தே இருக்கும். அதனால் தண்டின் பக்கங்களிலிருந்து முட்டு வேர்களை இறக்கி ஊன்றிக்கொள்கிறது. இலைகள் மூன்று வரிசைகளில் திருகித் திருகி ஏறும். ஒவ்வொரு இலையும் நீளவாக்கில் மடிந்திருப்பதைக் கவனியுங்கள். விரித்துப் பிடித்த காகிதம் தொங்கிவிடும், மடித்துப் பிடித்தால் விறைத்து நிற்கும் அல்லவா? அதே தந்திரத்தில்தான் ஆளைவிட நீளமான இலை கட்டைத் தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கிறது. உப்புக்காற்றும் உவர்மண்ணும் அதற்கு ஒரு பொருட்டில்லை. பூ வேண்டுமானால் ஆண் மரத்திலிருந்து கிளை வாங்க வேண்டும். மணக்கும் தாழம்பூ ஆணில்தான் வரும்.

இனி மறுபக்கம், கோடை. இலையில் உள்ள சின்னத் துளைகள் வழியாகத்தான் செடி கார்பன் டை ஆக்ஸைடை உள்ளே இழுக்கிறது. துளை திறந்திருக்கும்போது நீராவி வெளியே ஓடிவிடும். சாதாரணச் செடியில் ஒரு கார்பன் டை ஆக்ஸைடு மூலக்கூறை உள்ளே வாங்கச் சில நூறு நீர் மூலக்கூறுகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கத்திரி வெயிலில் இது கட்டுபடியாகாத வியாபாரம்.

இதற்குச் சில செடிகள் கண்டுபிடித்த வழியை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் இந்த மண்ணோடு தொடர்புள்ளவர். பெஞ்சமின் ஹெய்னே என்ற ஜெர்மானியர், 1790-களில் மொராவியன் என்ற கிறிஸ்தவச் சபையின் ஊழியராகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். டேனிஷ்காரர்கள் கையில் இருந்த அந்த ஊர் அப்போது தாவரவியல் ஆட்களின் கூடாரமாகவே இருந்தது. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர் கோனிக் அதற்கு முன்பே அங்கே வந்து செடி சேகரித்தவர். ஹெய்னே பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் ஆனார். அவர் எழுதிய ஒரு கடிதம் 1815-இல் லண்டனின் லின்னேயன் இயற்கையியல் சங்க வெளியீட்டில் வந்தது. விஷயம் நம் ரணகள்ளிதான். அதன் இலையைக் காலையில் மென்றால் சுக்காங்கீரையாகப் புளிக்கிறது. பொழுது ஏற ஏறப் புளிப்பு குறைந்து, நடுப்பகலில் சுவையே இல்லை. சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று எழுதினார். நாக்கை மட்டும் வைத்துக்கொண்டு செய்த ஆராய்ச்சி! (நீங்கள் மென்று பார்க்க வேண்டாம். அதில் இதயத்தைப் பாதிக்கும் சேர்மங்கள் உண்டு. காலையிலும் மாலையிலும் ஓர் இலையைக் கசக்கி லிட்மஸ் தாளில் தேய்த்துப் பார்த்தால் போதும்.)

அந்தப் புளிப்புக்குக் காரணம் தெரிய நூறாண்டுக்கு மேல் ஆனது. ரணகள்ளி இலைத்துளைகளைப் பகலில் மூடிவிட்டு ராத்திரியில் திறக்கிறது. குளிர்ந்த காற்றில் நீர் இழப்பு குறைவு. ஆனால் இருட்டில் சர்க்கரை தயாரிக்க வெளிச்சம் கிடையாது. எனவே உள்ளே வந்த கார்பன் டை ஆக்ஸைடை மாலிக் அமிலமாக மாற்றி, செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழில் விடியும்வரை சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் துளைகளைச் சாத்திக்கொண்டு, அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்ஸைடைத் திரும்ப எடுத்து, வெயிலை வைத்துச் சமையலை முடிக்கிறது. விடியற்காலையில் அமிலம் நிறைந்திருக்கும், மத்தியானம் காலி. இந்த ஏற்பாட்டுக்குக் கிராசுலேசிய அமில வளர்சிதை மாற்றம் என்று பெயர். ரணகள்ளியின் குடும்பம் கிராசுலேசி.

இலை தடிப்பதும் இதனால்தான். அமிலத்தைச் சேர்த்து வைக்கப் பெரிய செல்கள் வேண்டும். ஆனைக்கற்றாழை, சோற்றுக்கற்றாழை, மருள், பிரண்டை எல்லாம் இப்படி ராத்திரியில் மூச்சு வாங்கும் செடிகள். விலை என்னவென்றால், வளர்ச்சி மந்தம்.

இவற்றில் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது மருள். இந்தக் கிழக்குக் கரையில் இயல்பாக வளரும் செடி. நாரெடுத்து வில்லுக்கு நாண் முறுக்கிய இலை அது. பெரிய கடைகளில் ‘ஸ்னேக் பிளான்ட்’ என்று விலை கொடுத்து வாங்கும் ஆப்பிரிக்கச் செடியின் சொந்தக்கார இனம் நம் வேலி ஓரத்தில் கேட்பாரற்று நிற்கிறது.

ஆனைக்கற்றாழை மெக்சிகோவிலிருந்து வந்தது. ரயில் பாதை ஓரங்களில் வேலியாக நட்ட பழைய தூர்களை இன்றும் பார்க்கலாம். பத்து முப்பது வருடம் மௌனமாக இருந்துவிட்டு, ஒரே ஒரு முறை பல மீட்டர் உயரத்துக்குப் பூந்தண்டு விட்டுச் செத்துப்போகும், பக்கக்கன்றுகள் தொடரும். இதை டெல்டாவில் கொல்வது மிகச் சுலபம். களிமண்ணில் சமதளமாக நட்டு ஒரு கார்த்திகையைப் பார்க்கவைத்தால் போதும். கோடைக்கான ஏற்பாடு அத்தனையும் அதனிடம் உண்டு, வெள்ளத்துக்கான காற்றறை இல்லை. மணலும் உடைந்த செங்கல்லும் கலந்து ஒரு முழம் மேடு போட்டு, அதன் உச்சியில் நட வேண்டும். குழந்தைகள் ஓடும் வீடென்றால் இலை நுனி முள்ளைக் கத்தரித்துவிடுங்கள். கண் உயரத்தில் நிற்கும்.

மூன்றாவது வழி, தூங்கிவிடுவது. செங்காந்தள் ஆனி, ஆடியில் முளைத்து, இலை நுனியையே கொக்கியாக்கி வேலியில் ஏறி, பூத்துக் காய்த்து, தை மாசி வாக்கில் மேலே இருப்பதையெல்லாம் உதிர்த்துவிடும். கோடை முழுக்க மண்ணுக்குள் கிழங்கு மட்டும்தான். ஒவ்வொரு வருடமும் பழைய கிழங்கு கரைந்து புதியது உருவாகும். முளைக்கும் குருத்து கிழங்கின் நுனியில்தான் இருக்கிறது. தோண்டும்போது நுனி ஒடிந்தால் கதை முடிந்தது. வேதாரண்யம் பக்கம் இதைப் பயிராகவே செய்கிறார்கள். அங்கே மணல், கார்த்திகை மழை நிற்காமல் இறங்கிவிடும். களிமண் வீட்டில் இருப்பவர்கள் தொட்டியில் மணல் கலந்து வைத்து, கோடையில் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் காட்டாமல் இருப்பது நல்லது. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின், செல் பிரியும்போது தேவைப்படும் இழைகள் உருவாகாமல் தடுத்துவிடும். கீல்வாத மருந்தும் அதுவே, ஆளைக் கொல்லும் நஞ்சும் அதுவே. சின்னப் பிள்ளைகளோ நாயோ இருக்கும் வீட்டில் வேண்டாம்.

சேனையைக் குழம்புக்கு மட்டும் நினைக்கிறோம். அது வருடத்துக்குப் பொதுவாக ஒரே ஓர் இலைதான் விடுகிறது. திட்டுத் திட்டாகப் புள்ளி போட்ட அந்தத் தண்டு தண்டே அல்ல, இலைக்காம்பு. மேலே விரிந்த குடை முழுவதும் ஓர் இலை. அறுவடை செய்யாமல் விட்டால் சில வருடம் கழித்து, கோடை மழையோடு, இலை வருவதற்கு முன் கறுஞ்சிவப்பில் ஒரு பூங்கொத்து தரையை முட்டிக்கொண்டு வரும். அது தன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். செல்களில் ஆற்றலாகச் சேமிக்க வேண்டியதை வெப்பமாக விடும் மாற்றுவழி ஒன்று திறக்கிறது; சூட்டில் அழுகல் நாற்றம் நன்றாகப் பரவி வண்டுகளை இழுக்கிறது. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே மட்டும் நட வேண்டாம்.

விஷமூங்கில் மூங்கில் அல்ல, லில்லிபோலப் பூக்கும் கிழங்குச் செடி. அதற்குச் சுருங்கும் வேர்கள் உண்டு. வேரின் உட்செல்கள் அகலம் கூடி நீளம் குறைய, கிழங்கு வருடா வருடம் கொஞ்சம் கீழே இழுபடும். மேல்மண் கொதிக்கும் மே மாதத்தில் அதன் குருத்து ஆழத்தில் பத்திரமாக இருக்கும். இதுவும் நஞ்சுதான், ஆடு தொடாது. ராத்திரி விரியும் வெள்ளைப் பூ.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது லட்சக்கணக்கான தென்னைகள் போயின. தென்னைக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்று, அதுவும் உச்சியில். மேலே சொன்ன செடிகளில் பலவற்றுக்குக் குருத்து தரை மட்டத்திலோ மண்ணுக்குள்ளோ இருக்கிறது. தலை போனாலும் திரும்ப வரும். விசிறி வாழை இதில் நடுத்தரம். இலை நரம்புவாக்கில் கிழிந்து காற்றுக்கு வழிவிடும், ஆனால் உயரம் போனால் தலை கனக்கும். சுவரை ஒட்டி நடாதீர்கள்.

நடும் காலத்தையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். கல்வாழை, வெட்டிவேர், தாழை மூன்றையும் ஆடியில் நட்டால் அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். கற்றாழையும் மருளும் தையில், மழை ஓய்ந்து மண் ஆறிய பிறகு. எந்த மூலையில் எது என்பதற்குப் பெரிய மழை நின்ற மறுநாள் காலையில் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்: தண்ணீர் இன்னும் நிற்கும் இடம் காற்றறைக்காரர்களுக்கு, கால் புதையாத மேடு ராத்திரி மூச்சுக்காரர்களுக்கு.