பெட்டித் தக்காளியும் வீட்டு ஃபிரீசரும்

ஆந்திராவின் மதனப்பள்ளிச் சந்தையில் தக்காளி விலை சரிந்தால், பலமநேர் சாலை வழியாக அந்தச் செய்தி குடியாத்தத்துக்கு வர அதிக நேரம் ஆகாது. தெருமுனையில் வேன் நிற்கும். பெட்டி விலை கூவப்படும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதை மறக்காதவர்கள் முழுப் பெட்டியையும் வாங்கி, அன்றிரவே ஃபிரீசரில் திணித்துவிடுகிறார்கள். பிறகு என்னிடம் உணவியல் ஆலோசனைக்கு வரும்போது, "ஃபிரீசரில் வைத்தும் வாடை வருகிறதே, மேடம்" என்கிறார்கள்.

பெட்டியின் அடியில் கிடப்பவை நசுங்கியவை, வெடித்தவை. உறைகுளிரில் கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை, பெருகாமல் கிடக்கும். வெளியே எடுத்ததும் விட்ட இடத்தில் தொடங்கும். நசுங்கியவற்றை அன்றே தொக்காக்கிவிடுங்கள். பூஞ்சை பிடித்தது குப்பைக்கு.

மொத்தமாகத் திணிப்பது இன்னொரு கேடு. ஃபிரீசர் சூடேறி, எல்லாமே மெதுவாக உறையும். தக்காளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் பெரிதாகி உள்சதையைக் கிழிக்கும். சிறிய ஃபிரீசரில் நாளுக்கு ஒரு கிலோ போதும். கெட்டியான பழங்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்படியை வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவையுங்கள். கல்லாக இறுகிய பின் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றித் தேதி எழுதுங்கள். எடுக்கும்போது குழாயடியில் சில நொடி காட்டினால் தோல் சட்டை கழற்றுவதுபோல உரிந்து வரும். வெளியே வைத்து உருகவிடாமல் நேரே வாணலியில் போடுங்கள். ரசத்துக்கும் குழம்புக்கும் அருமை, பச்சடிக்கு ஆகாது.

உறையவைக்கும் முன் தக்காளியை வேகவைக்கத் தேவையில்லை. பீன்ஸ், மொச்சைக்கொட்டைக்குத் தேவை. இவற்றில் உள்ள நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். பீன்ஸைக் கொதிநீரில் 3 நிமிடம், மொச்சையைப் பருமனுக்கேற்ப 2 முதல் 4 நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, ஈரம் வடித்த பின் உறையவையுங்கள்.

பல மாதங்கள் வைத்திருக்க மைனஸ் 18 டிகிரி வேண்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் அந்தக் குளிர் கிடைப்பதில்லை. ஓரிரு மாதத்தில் தீர்த்துவிடுங்கள். கோடையில் வெளியூர் போகும்போது, கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், மின்சாரம் நீண்ட நேரம் போய் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தப் பீன்ஸையும் மொச்சையையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

வெள்ளரிக்காய், வேகவைக்காத உருளைக்கிழங்கு இரண்டும் ஃபிரீசருக்கு ஒத்துவராது. தேங்காய்த் துருவல் நன்றாகவே தாங்கும். ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பொட்டலம் கட்டி வையுங்கள்.