124 ஒளியாண்டு தூரத்துக் காற்றைப் படிப்பது எப்படி?

2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு வந்த அதே வாரத்தில், சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வந்தது. "வேறு கோளில் உயிர்! கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் உறுதி!" கூடவே நீலக் கடலும் மேகமுமாய் ஒரு படம். 124 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் கே2-18பி என்ற கோளின் காற்றில், பூமியில் பெரும்பாலும் உயிர்கள் உண்டாக்கும் ஒரு வாயுவின் தடயம் தெரிவதாகக் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று சொன்னதுதான் அந்தச் செய்தியின் மூலம். பசியாறப் போன ஒட்டுக்கடையில் கல்லாவில் இருந்த அண்ணன், "என்ன தம்பி, அங்க ஆள் இருக்காங்களாமே, எப்ப வருவாங்களாம்?" என்றார். தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "வந்தா பெர்மிட் இருக்கான்னு கேப்பாங்க லா" என்றார்.

டியூஷனுக்கு வரும் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி கேட்டதுதான் சரியான கேள்வி: "சார், அங்க யாரும் போகல. காத்தைப் பிடிச்சுக்கிட்டும் வரல. அப்புறம் எப்படி இந்த வாயு இருக்குன்னு சொல்றாங்க?" உயிர் உண்டா இல்லையா என்று கடைவீதியில் நடக்கும் வாதத்தைவிட இதற்கான விடை சுவையானது.

முதலில் அந்தப் படத்தை ஓரமாக வைத்துவிடலாம். அந்தக் கே2-18பியை இதுவரை எவரும் பார்த்ததில்லை. படத்தில் இருந்த கடல் ஓவியரின் கைவண்ணம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்குக்கூட அது ஒரு தனிப் புள்ளியாகத் தெரியவில்லை. தெரிவதெல்லாம் அந்தக் கோள் சுற்றிவரும் விண்மீன் மட்டும்தான். கோளின் அளவு, எடை, அதன் காற்றில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் விண்மீனிலிருந்து வரும் வெளிச்சத்தை அளந்து, கணக்குப் போட்டு எடுத்தவை.

அந்த விண்மீன் இருப்பது சிம்ம ராசி மண்டலத்தில், உத்திரம் நட்சத்திரத்துக்குச் சற்றுத் தெற்கே. நம் பேராக்கில் அது ஏறக்குறைய உச்சி வழியாகவே கடந்து போகும். ஏப்ரல் நடுவில் இரவு 11 மணி வாக்கில் செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலைக்கு நேர் மேலே இருக்கும். ஆனால் வெறுங்கண்ணுக்கு எட்டாது. சூரியனில் பாதி அளவுகூட இல்லாத, மங்கலான சிவப்புக் குள்ள விண்மீன் அது. 2025-இல் நம்மை வந்து சேர்ந்த அதன் வெளிச்சம் 1901 வாக்கில் கிளம்பியது. பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகள் பெரிய மரமாகி, மலாயாவில் பால்மரத் தோட்டங்கள் பெருகத் தொடங்கியிருந்த காலம்.

கோளை முதலில் கண்டுபிடித்தது கெப்ளர் தொலைநோக்கி, 2015-இல். 33 நாளுக்கு ஒரு முறை அந்த விண்மீனின் வெளிச்சம் கொஞ்சம் குறைந்து, மூன்று மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. ஏதோ ஒன்று குறுக்கே போகிறது என்று அர்த்தம். இதைக் கடப்பு என்கிறார்கள். குறைந்தது வெறும் 0.3 விழுக்காடு. எவ்வளவு மறைந்தது என்பதை வைத்துக் கோளின் குறுக்களவைச் சொல்லிவிடலாம்: பூமியைப் போல 2.6 மடங்கு. கோள் இழுக்கும் இழுப்பில் விண்மீன் லேசாகத் தள்ளாடுவதை வைத்து எடை: சுமார் 8.6 பூமி. கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் அமைந்தால்தான் கடப்பே தெரியும். வேறோர் உலகத்திலிருந்து நம் சூரியனைப் பார்ப்பவர்களில் ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்குத்தான் பூமி குறுக்கே போவது தெரியும் என்றால், நம் கண்ணில் படாமல் போகும் கோள்கள் எத்தனை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, காற்றுக்கு வருவோம். கோள் குறுக்கே போகும்போது அதன் உடம்பு வெளிச்சத்தை முழுவதும் மறைக்கிறது. ஆனால் அதைச் சுற்றி மெல்லிய வளையம்போல வாயுமண்டலம் இருக்கிறது. விண்மீனின் ஒளியில் ஒரு துளி அந்த வளையத்தினூடே புகுந்து நம்மிடம் வருகிறது. வாயு மூலக்கூறு ஒவ்வொன்றும் தனக்கென்று சில அலைநீளங்களை விழுங்கும். அணுக்களைப் பிணைத்திருக்கும் பிணைப்புகள் அந்த அலைநீளத்தில்தான் அதிரும். மீத்தேன் 3.3 மைக்ரோமீட்டர் அருகே அகச்சிவப்பை நன்றாக விழுங்கும். கரியமில வாயு 4.3 அருகே. ஆகவே 3.3 மைக்ரோமீட்டர் ஒளியில் மட்டும் பார்த்தால், மீத்தேன் உள்ள கோள் சற்றே பருத்துத் தெரியும். வளையமும் சேர்ந்து மறைப்பதால் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கூடக் குறையும். வெப் செய்வது இவ்வளவுதான்: வந்த ஒளியை நூற்றுக்கணக்கான அலைநீளங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கோள் எவ்வளவு 'பெரிதாக' இருக்கிறது என்று அளந்து, ஒரு வளைகோடு வரைவது. மேடும் பள்ளமுமான அந்தக் கோட்டில்தான் வாயுக்களின் அடையாளம் இருக்கிறது.

அளவைச் சொன்னால்தான் சிரமம் புரியும். விண்மீனிலிருந்து பத்து லட்சம் ஒளித்துகள்கள் வரவேண்டிய இடத்தில், கோளின் உடம்பு மறைப்பது சுமார் 2,900. அதற்கு மேல் வாயுமண்டலம் தன் பங்குக்கு மறைப்பது ஒரு நூறு வாக்கில். அந்த நூறில் எந்த வாயுவுக்கு எத்தனை என்று பிரித்துச் சொல்லவேண்டும். இதுவே பூமியும் சூரியனுமாக இருந்தால், உடம்பு மறைப்பதே மொத்தம் 84தான். காற்றின் பங்கு ஒன்றோ இரண்டோ. இன்றைய கருவி எதற்கும் அது எட்டாது. கே2-18பியின் வாயுமண்டலம் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனது. எடை குறைந்த வாயு என்பதால் உப்பிப் பரந்து கிடக்கிறது, விண்மீனும் சின்னது. செய்தித்தாள்கள் இதைச் சொல்வதே இல்லை: பூமியைப் போல இருக்கிறது என்பதற்காக இந்தக் கோளைத் தேர்ந்தெடுக்கவில்லை. அளக்க முடிகிற கோள்களில் இது ஒன்று, அவ்வளவுதான்.

ஒளியைப் பிரித்துப் பொருளை அறியும் வித்தை பழையது. 1868 ஆகஸ்ட் 18-இல் முழுச் சூரிய கிரகணம் வந்தது. நிழல் இந்தியாவையும் சயாமையும் கடந்து போனது. சயாமில் மோங்குட் அரசர் முகாம் போட்டுப் பார்த்தார். பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார். அந்த ஆண்டு சூரியனின் ஓரத்து ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை. இது புதுத் தனிமம் என்று இங்கிலாந்தில் லாக்கியர் சொன்னார். அதுதான் ஹீலியம். பூமியில் ராம்சே அதைப் பிடித்தது 1895-இல். சூரியனில் கண்டதைக் கையில் எடுக்க 27 ஆண்டு ஆயிற்று. ஆனால் அது பளிச்சென்ற கோடு. கே2-18பியில் நாம் தேடுவது இரைச்சலுக்குள், அதாவது அளவீட்டில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கங்களுக்குள், புதைந்த ஒரு சின்ன மேடு.

அந்த மேட்டைத் தப்பாகப் படிக்கவும் வாய்ப்புண்டு. இதே கோளில் நீராவி இருப்பதாக 2019-இல் ஹபிள் தொலைநோக்கியின் பதிவை வைத்து அறிவித்தார்கள். அப்போதும் உலகமெங்கும் தலைப்புச் செய்திதான். ஹபிள் பார்த்த அலைநீளத்தில் நீராவியும் மீத்தேனும் ஒரே இடத்தில் விழுங்கும். இன்னும் நீண்ட அலைநீளங்களையும் பார்க்கும் வெப், 2023-இல் அது மீத்தேன் என்று காட்டியது. கூடவே கரியமில வாயுவும் தெரிந்தது. மீத்தேன் இன்றுவரை அசையாமல் நிற்கிறது.

ஏப்ரல் பரபரப்புக்குக் காரணம் மூன்றாவது வாயு: டைமெத்தில் சல்பைடு. கந்தகம் கலந்தது. கடற்கரையில் மூக்கில் ஏறும் அந்தக் கடல் வாடையில் இதற்கும் பங்குண்டு. பூமியில் இதைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலில் மிதக்கும் நுண்பாசிகள். நம் காற்றில் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. கே2-18பியில் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கலாம் என்றது, இந்தியாவில் பிறந்த நிக்கு மதுசூதன் தலைமையிலான கேம்பிரிட்ஜ் குழு. அவர்களும் 'உயிர் உறுதி' என்று எழுதவில்லை. அவர்கள் சொன்னது 'மூன்று சிக்மா'.

வாட்ஸ்அப்பில் அது '99.7 விழுக்காடு உயிர் இருக்கிறது' என்று ஆகிவிட்டது. தப்பு அங்கேதான். மூன்று சிக்மா என்றால், அந்த வாயு அங்கே இல்லாமலே வெறும் இரைச்சல் இப்படி ஒரு மேட்டை உண்டாக்க ஆயிரத்துக்கு மூன்று வாய்ப்பு என்று பொருள். உயிரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அதுவும், நாம் ஒப்பிட்டுப் பார்த்த வாயுக்களின் பட்டியல் சரி என்றால்தான். பட்டியலை நீட்டினால் கணக்கு மாறும். வேறு குழுக்கள் அதே பதிவை எடுத்துப் பார்த்தபோது, வேறு சில சேர்மங்களும் அந்த வளைகோட்டுக்குப் பொருந்தின. மேடே இல்லை, வெறும் நேர்கோடு போட்டாலும் போதும் என்றார் ஆக்ஸ்போர்டின் ஒரு வானியலாளர். அந்தப் பதிவு முழுவதும் 2024 ஏப்ரலில் நடந்த ஒரே ஒரு கடப்பிலிருந்து எடுத்தது. இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்ள ஐந்து சிக்மா கேட்பார்கள், அதாவது 0.00006 விழுக்காட்டுக்கும் குறைந்த வாய்ப்பு. பிறகு வெப்பின் கூடுதல் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் டைமெத்தில் சல்பைடு உறுதியாகவில்லை.

வாயு இருப்பது உறுதியானாலும் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கும். நம் ஊரில் சாயங்காலக் காற்று திரும்பினால் ஒரு நாற்றம் வரும். ஒட்டுப்பால் குவித்து வைத்திருக்கும் ரப்பர் ஆலையா, செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குளமா, அடைத்துக்கொண்ட சாக்கடையா என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, நேற்று மழை பெய்ததா என்று பார்த்துச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கே2-18பி விஷயத்தில் நாம் எல்லோருமே புதிதாக வந்தவர்கள். அந்தக் கழிவுக் குளத்தில் குமிழ்விடும் மீத்தேன் பாக்டீரியாவின் வேலை. ஆனால் சனிக் கோளின் நிலவான டைட்டனில் மீத்தேன் மழையாகவே பெய்கிறது, அதற்கு உயிர் தேவைப்பட்டதாக எந்தச் சான்றும் இல்லை. டைமெத்தில் சல்பைடும் அப்படித்தான். ரொசெட்டா விண்கலம் ஆராய்ந்த 67பி என்ற வால்மீனில் அது அகப்பட்டது. வால்மீனில் நுண்பாசி ஏது?

கோளே எப்படிப்பட்டது என்பதில்கூட ஒத்த கருத்து இல்லை. ஹைட்ரஜன் காற்றுக்கு அடியில் கடல் பரந்த உலகம் என்கிறது மதுசூதன் குழு. கால் வைக்கத் தரையே இல்லாத குட்டி நெப்டியூன் என்பவர்கள் உண்டு, அடியில் உருகிய பாறைக் குழம்பு என்பவர்களும் உண்டு. கடல் இல்லையென்றால் நுண்பாசிக் கதை அங்கேயே முடிந்தது.

ஏமாற்றம் புதிதல்ல. 1967-இல் 1.3 நொடிக்கு ஒரு முறை துடித்த ரேடியோ அலையை ஜாசலின் பெல் கண்டபோது, விளையாட்டாகச் 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்று பெயர் வைத்தார்கள். அது பல்சர் என்ற புதுவகை விண்மீன். 1996-இல் செவ்வாய்க் கல்லில் நுண்ணுயிர்ப் படிவம் என்று கேட்டு அமெரிக்க அதிபர் கிளிண்டனே பேசினார். அந்தக் கல்லில் கண்ட எல்லாவற்றுக்கும் உயிரில்லாத விளக்கங்கள் பிறகு வந்தன. 2025 ஜூலையில் வேறு விண்மீன் குடும்பத்திலிருந்து வந்த 3ஐ/அட்லஸ் வால்மீனை விண்கலம் என்றார்கள். எனக்கென்னவோ, செப்டம்பரில் வெளிவந்த செவ்வாய்ச் செய்திதான் இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. பெர்சவரன்ஸ் ஊர்தி துளையிட்ட பாறையில் சிறுத்தைத் தோல்போன்ற புள்ளிகள், அவற்றில் இரும்புப் பாஸ்பேட்டும் இரும்புச் சல்பைடும். பூமியில் நுண்ணுயிர்கள் விட்டுவைக்கும் தடம் அதைப்போல இருக்கும். ஆனால் மாதிரி இன்னும் செவ்வாயில்தான் கிடக்கிறது. கடைவீதியில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை, கடல் படம் இல்லையே.

கே2-18பிக்கு ஐந்து சிக்மா கிடைக்க இன்னும் 16 முதல் 24 மணி நேரப் பார்வை போதும் என்று கேம்பிரிட்ஜ் குழு கணக்கிட்டது. ஒரே நாள் வேலைபோலத் தோன்றும். ஆனால் வெப் தன் வெயில்திரையைச் சூரியன் பக்கம் பிடித்தபடியே இருக்கவேண்டும். வானத்தில் எல்லாத் திசையையும் எல்லா நாளும் பார்க்க முடியாது. கே2-18 என்ற அந்த விண்மீன் இருப்பது சூரியன் நகரும் ராசிப் பாதையை ஒட்டி. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறைதான் வாய்ப்பு: டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி கடைசி வரை ஒரு முறை, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் சுமார் 50 நாள். கோள் குறுக்கே வருவதோ 33 நாளுக்கு ஒரு தரம். ஆகவே ஒரு வாய்ப்பில் ஒன்றோ இரண்டோ கடப்பு, அதற்குமேல் கிடையாது. அந்த மணி நேரங்களுக்கும் உலகம் முழுக்க வானியலாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

இதற்கிடையில் இன்னொரு வேலை இங்கே பூமியில், ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது. கந்தகமும் மீத்தேனும் கலந்த வாயுக்களை ஒரு கலத்தில் அடைத்து, புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, உயிரே இல்லாமல் டைமெத்தில் சல்பைடு உண்டாகிறதா என்று பார்க்கிறார்கள். 2024-இல் செய்த சோதனையில் உண்டானது. கே2-18பியின் காற்றில் சொல்லப்பட்ட அளவுக்கு அதை அப்படியே உண்டாக்க முடியுமா என்பதுதான் இப்போதைய வாதம்.