பங்குப் படமா, இருப்புப் படமா?

முட்டத்தில் என் அக்கா மகன் கணினியில் வெக்டர் படம் வரைந்து விற்கிறான். காசு கொடுத்து அவன் வாங்கிய பயிற்சிக் குறிப்பில், ஆங்கிலத்தில் ‘ஸ்டாக்’ படம் என்பதைத் தமிழாக்கி, ‘ஒத்திசைவான பங்குப் படத் தொகுப்பு’ என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. எட்டிப் பார்த்த அக்கா, “எந்தப் பங்குக்கு மக்களே வரையுத? திருவிழா வருதா?” என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் கடற்கரையில் பங்கு என்றால் கோயில் பங்கு, ஒரு கிறிஸ்தவக் கோயிலைச் சேர்ந்த மக்கள். பங்குத்தந்தை, பங்குப் பேரவை. இல்லையென்றால் வள்ளத்து மீனைப் பிரிக்கிற பங்கு.

ஸ்டாக் என்பது பழைய ஆங்கிலத்தில் அடிமரம். பிறகு முதலீடு, கம்பெனிப் பங்கு, கடை இருப்பு என்று கிளைவிட்டது. நம் ‘முதல்’ என்ற சொல்லும் வேரையும் குறிக்கும், மூலதனத்தையும் குறிக்கும். மொழிபெயர்த்தவர் பங்குச் சந்தைக் கிளையில் போய்த் தொங்கிவிட்டார். யாரும் கேட்காமலே முன்கூட்டி வரைந்துவைத்து, வேண்டியவர்களுக்கு உரிமம் விற்கிற படம் இது. சந்தைக்கும் இதற்கும் என்ன உறவு?

வரைந்தவருக்கு விற்பனையில் ஒரு பங்கு கிடைக்கிறதே என்று ஒருவர் வாதாடினார். அப்படியானால் தோவாளையில் கமிஷனுக்கு விற்கும் பிச்சிப்பூவைப் பங்குப் பூ என்போமா? சரக்குப் படம் பொருளில் நெருங்கி வருகிறது, ஆனால் இன்றைக்குச் சரக்கு என்றால் பாட்டில்தான் நினைவுக்கு வரும். ஆயத்தப் படம், ஆயத்த ஆடை மாதிரி, மோசமில்லை. ஆனாலும் ஆயத்த ஆடையை ஒருவர் வாங்கினால் கடையில் ஒன்று குறையும்.

விற்றால் இருப்பும் குறையுமே என்பீர்கள். பூ குறையும், சாயங்காலம் வாடியும் போகும். படத்தை நூறு பேருக்கு விற்றாலும் இருந்த இடத்தில் இருக்கும். இருப்பு என்ற சொல் பூவைவிடப் படத்துக்குத்தான் பொருந்துகிறது. ஆகவே இருப்புப் படம்.

வெக்டர் என்ற சொல்லைத் தமிழாக்காமல் விட்டுவிட்டேன். புள்ளியும் வளைகோடும் கணக்காகவே பதிவாவதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத படம் அது. திசையன் என்றால் பள்ளி இயற்பியல் ஞாபகம் வருகிறது. இலங்கையார் சொல்லும் ‘காவி’ மூலச்சொல்லின் பொருளுக்கு நேரானது, சுமப்பது என்று அர்த்தம், இங்கே நிறமாகிவிடும்.

அப்புறம் அந்த ‘ஒத்திசைவான’. கட்டுமரம், பனை, கலங்கரை விளக்கம், மட்டிப்பழக்குலை என்று பையன் ஒரு செட் வரைகிறான். எல்லாவற்றிலும் கோட்டின் கனம் ஒன்று, அதே ஐந்தாறு நிறம், வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து. இதற்கு ‘ஒரே கை’ என்ற நல்ல பேச்சு நம்மிடம் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்களுக்கு அதை எழுதக் கூச்சமாம்.

அதே குறிப்பில் ராயல்டி-ஃப்ரீ ‘உரிமைத்தொகை இலவசப் படம்’ ஆகியிருந்தது. ஒருமுறை கட்டணம் வாங்கிவிட்டால், உரிமத்தின் வரம்புக்குள் பயன்படுத்தும்போதெல்லாம் திரும்பக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். “படத்தைச் சும்மா கொடுக்கணுமா மாமா?” என்று பையன் என்னிடம் வந்து கேட்பதற்குள், வரைந்ததை விற்பனைக்கே போடாமல் இரண்டு வாரம் சும்மா இருந்திருக்கிறான்.