‘முட்டாள் பருவம்’ என்னும் பிழை: சில்லி சீசனுக்குத் தமிழ்

ஃபார்முலா 1 போன்ற மோட்டார் பந்தயச் செய்திகளில், ஆகஸ்டு மாதம் நெருங்கினால் ‘முட்டாள் பருவம் தொடங்கிவிட்டது’ என்னும் தொடர் தலைகாட்டத் தொடங்கிவிடுகிறது. எந்த ஓட்டுநர் எந்த அணிக்குப் போவார், யாருடைய ஒப்பந்தம் முடிகிறது, காலியாகும் இடம் யாருக்குக் கிடைக்கும் என்று பேச்சுப் பெருகும் நாள்களை ஆங்கிலத்தில் ‘சில்லி சீசன்’ என்பார்கள். அதன் இரு சொற்களுக்கும் தனித்தனியே அகராதியில் பொருள் பார்த்து ஒட்டவைத்ததன் விளைவே இந்த மொழிபெயர்ப்பு. ஓரிடத்தில் கண்டால் சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். நிலைத்த கலைச்சொல்லைப் போலவே அதைக் கையாளத் தொடங்கிவிட்டதால் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடரின் பிறப்பிடம் பந்தயத் திடல் அன்று, பத்திரிகை அலுவலகம். நாடாளுமன்றம் கூடாத கோடை மாதங்களில் பக்கங்களை நிரப்ப லண்டன் நாளிதழ்கள் அற்பச் செய்திகளைத் தேடி அலைந்ததைக் கேலி செய்து, 1861இல் ‘சாட்டர்டே ரிவ்யூ’ வார இதழ் இத்தொடரைக் கையாண்டது. ஜெர்மானியர் இதே காலத்தை ‘ஊறுகாய் வெள்ளரிக் காலம்’ என்கின்றனர். ‘சில்லி’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் ‘பேறு பெற்ற’ என்று பொருள்பட்டு, பின்னர் ‘கள்ளமற்ற’, ‘இரங்கத்தக்க’ என்று இறங்கி, இன்றைய ‘அசட்டுத்தனமான’ என்னும் பொருளுக்கு வந்து சேர்ந்தது. சொற்பிறப்புக்கு இவ்வளவு போதும்.

இனி ‘முட்டாள் பருவம்’. தமிழில் ‘முட்டாள்’ என்பது ஆளைச் சுட்டும் வசை. அதைக் காலத்தின் முன் ஒட்டினால், முட்டாள்களுக்குரிய காலம் என்றே பொருள் விரியும். ஏப்ரல் முதல் நாளை முட்டாள்கள் தினம் என்று அறிந்த வாசகர் அந்தப் பக்கமே மனத்தைத் திருப்புவார். ‘பருவம்’ இதைவிடப் பெரிய தொல்லை. 24 பந்தயங்கள் கொண்ட 2024ஆம் ஆண்டு ஃபார்முலா 1 போட்டித் தொடரைத் தமிழில் ‘2024 பருவம்’ என்று எழுதுகிறோம். அதே கட்டுரையில் ‘முட்டாள் பருவம்’ என்றும் எழுதினால், அந்த ஆண்டின் பந்தயங்களே மடத்தனமாக நடந்தன என்று ஒருவர் புரிந்துகொள்வதில் வியப்பில்லை. தவிரவும், ஆகஸ்டு இடைவேளையில் அணிகளின் தொழிற்கூடங்கள் கட்டாயமாக மூடப்படுவதால் அப்போது பேச்சு மிகுவது உண்மையே என்றாலும், இது அந்த ஒரு மாதத்துக்குள் அடங்குவதில்லை. 2016இல் மெர்சிடிஸ் அணியின் ஓட்டுநர் நிக்கோ ரோஸ்பர்க் உலகப் பட்டம் வென்ற ஐந்தாம் நாளே, டிசம்பர் 2 அன்று, ஓய்வை அறிவிக்க, அந்த இடத்துக்கு வால்ட்டேரி போட்டாஸ் வருவார் என்பது உறுதியாக 2017 ஜனவரி நடுப்பகுதி வரை ஆனது; குளிர்காலம் முழுவதும் இதே பேச்சுத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பேச்சு முட்டாள்தனமானதும் அன்று. லூயிஸ் ஹாமில்டன் 2025 வரை மெர்சிடிஸில் நீடிப்பார் என்று 2023 ஆகஸ்டு 31 அன்று அணியே அறிவித்தது. 2024 பிப்ரவரி 1 அன்று அவர் அடுத்த ஆண்டு ஃபெராரி அணிக்குப் போவது உறுதியானது. அதற்கு முன் அதைச் சொன்னவர்களை முட்டாள்கள் என்பதா? 2022இல் இன்னும் வேடிக்கை: ஆகஸ்டு 2 அன்று ஆஸ்கர் பியாஸ்ட்ரியைத் தன் ஓட்டுநராக ஆல்பின் அணி அறிவிக்க, அன்றே அவர் அதை மறுத்தார், செப்டம்பர் 2 அன்று, ஓட்டுநர் ஒப்பந்தப் பிணக்குகளைத் தீர்க்கும் ஒப்பந்த அங்கீகார வாரியம், அவரோடு ஒப்பந்தம் செய்திருந்த மெக்லாரன் அணிக்குச் சாதகமாக முடிவு சொன்னது. அணியின் முறையான அறிவிப்பே பொய்த்துப் போன இடத்தில் வெறும் பேச்சைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

‘முட்டாள்’ கடுமையாக இருப்பதால் ‘பேதைப் பருவம்’ எனலாமே என்று யாரேனும் கிளம்பக்கூடும். வேண்டாம், உலா இலக்கியம் பெண்களின் ஏழு வயதுப் பருவங்களில் முதலாவதற்கு அந்தப் பெயரை எப்போதோ பதிவு செய்துவிட்டது. ‘வதந்திக் காலம்’ ஓரளவு நெருங்குகிறது என்றாலும், இன்றைய வழக்கில் வதந்தி என்றாலே பொய்ச்செய்தி என்றாகிவிட்டதால், பாதி உண்மையாகிவிடும் பேச்சுக்கு அது பொருந்தாது. உண்மையில் என் மனம் விரும்புவது ‘அலர்’. காதலரைப் பற்றிக் கமுக்கமாகச் சிலர் முணுமுணுத்தால் அம்பல், ஊரறியப் பரவினால் அலர் என்று அகப்பொருள் மரபு பிரித்துக் காட்டும் நுட்பம், மறைவில் கையெழுத்தான ஒப்பந்தம் அறிவிப்புக்கு முன்பே கசியும் பந்தய உலகத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. ஆனால், ‘அலர்காலம்’ என்று இன்று எழுதினால் பூ மலரும் காலம் என்றே படிப்பார்கள். அடிக்குறிப்பு இல்லாமல் விளங்காத சொல் செய்திக்கு உதவாது.

எஞ்சுவது ‘ஊகக் காலம்’; முழுமையாகச் சொல்வதானால் ‘அணிமாற்ற ஊகக் காலம்’. ஒப்பந்தம் முடியும் ஆண்டு, காலி இடம், ஓட்டுநரின் அண்மைக்கால ஆட்டம் ஆகிய காரணங்களை வைத்து எட்டும் முடிவே ஊகம். அது மெய்யும் ஆகலாம், பொய்யும் ஆகலாம். ‘காலம்’ என்பதும் தேர்தல் காலம், தேர்வுக் காலம் என்பவற்றைப் போல மாதத்தை விட்டு நிகழ்வைப் பற்றிக்கொள்கிறது. ஆங்கிலத் தொடரின் கேலி இதில் இல்லையே எனலாம்; பந்தயச் செய்தியாளர்களே தம் வேலைக்கு இட்ட பெயராக அதைப் பயன்படுத்தும் இக்காலத்தில் அந்தக் கேலி ஆங்கிலத்திலேயே தேய்ந்துவிட்டது. ‘ஊகம்’ வடசொல்லாயிற்றே என்னும் தனித்தமிழ் அன்பர்கள் ‘உய்த்துணர்வு’ என்று எழுதிக்கொள்ளட்டும். தலைப்பில் அடங்கினால் எனக்கும் மகிழ்ச்சியே. ‘யூகம்’ என்று மட்டும் எழுத வேண்டாம்.

இதே கை செய்யும் இன்னொரு குழப்பம், ஆங்கிலத்தின் ‘லைன்-அப்’ என்பதைப் பெயர்த்து ஓர் அணியின் இரு ஓட்டுநர்களை ‘ஓட்டுநர் வரிசை’ என்பது. பந்தயத்தில் வரிசை என்றால் கார்கள் புறப்படும் ஒழுங்கு நினைவுக்கு வரும், அல்லது புள்ளிப் பட்டியல் நினைவுக்கு வரும். ஃபார்முலா 1இல் ஓர் அணிக்கு இரண்டே கார்கள் என்பதால் ‘ஓட்டுநர் இணை’ என்றாலே வேலை முடிந்தது: ‘ஊகக் காலம் முடியும் முன்பே ஃபெராரி தன் ஓட்டுநர் இணையை அறிவித்தது’ என்னும் வாக்கியத்தைப் படிக்க யாருக்கும் அகராதி தேவைப்படாது.