எந்த விரிசலுக்குப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்?

வீடு மண்ணில் கொஞ்சம் இறங்குவது இயல்புதான். முழு வீடும் ஒரே சீராக 20 மில்லிமீட்டர் இறங்கினால் சுவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு தூண் இறங்கி, பக்கத்துத் தூண் அப்படியே நின்றால்தான் வம்பு. அந்த வித்தியாசத்தைத் தூண்களுக்கு இடையிலுள்ள தூரத்தால் வகுத்துப் பார்ப்பார்கள் பொறியாளர்கள். 500-இல் ஒரு பங்குக்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. 300-இல் ஒரு பங்கை எட்டினால் சுவர் கீறத் தொடங்கும். 150-இல் ஒரு பங்கு என்றால் தூணும் உத்தரமுமே பாதிக்கப்படலாம். 6 மீட்டர் இடைவெளிக்கு இவை முறையே 12, 20, 40 மில்லிமீட்டர்.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். காலாங் வட்டாரத்திலும் கரையோரங்களிலும் அடியில் கிடப்பது கடற்களிமண். சில இடங்களில் அதன் தடிமன் 30 மீட்டருக்கு மேல். கன அளவில் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மேலே எடை ஏறினாலோ, அருகில் ஆழமாகத் தோண்டி நிலத்தடி நீர் வடிந்தாலோ அந்தத் தண்ணீர் மெல்ல வெளியேறி மண் சுருங்கும். இது ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள் ஆழமான பைல்கள்மீது, அதாவது நிலத்துக்குள் இறக்கிய தூண்கள்மீது, நிற்பவை. புளோக்கைச் சுற்றியுள்ள நடைபாதை தாழ்ந்து, சுவரோரம் விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால், பெரும்பாலும் இறங்கியது மண்தான், புளோக் அல்ல. நகர மன்றத்திடம் சொன்னால் போதும்.

தொல்லை அதிகம் தரைவீடுகளில்தான் (அடுக்குமாடியாக இல்லாமல் நிலத்தோடு சேர்ந்த தனி, வரிசை வீடுகள்), அதுவும் பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறையில். பழைய வீடு பைல்மீது நிற்கும், இறங்க வேண்டியதையும் எப்போதோ இறங்கி முடித்திருக்கும். புதிய பகுதி ஆழமில்லாத அடித்தளத்தில் இப்போதுதான் இறங்கத் தொடங்கும். இரண்டும் சேரும் கோட்டில் விரிசல் விடாவிட்டால்தான் ஆச்சரியம். அந்தக் கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருந்தால், நெகிழும் சீலண்ட் (இடைவெளி அடைக்கும் பசை) பூசலாம். சிமெண்ட் மறுபடி வெடிக்கும். மேலே அகன்று கீழே குறுகினால், புதிய பகுதி வெளிப்பக்கமாகச் சாய்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

பூச்சில் வலைபோல் ஓடும் மயிரிழைக் கீறல், சிமெண்ட் காய்ந்து சுருங்கியதால் வருவது. உத்தரமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் ஓடும் நேர்கோடும் பெரும்பாலும் அப்படித்தான். சன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் விரிசல் வேறு ரகம். அது எந்தப் பக்கம் மேலேறுகிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இறங்கியிருக்கும். விரிசலின் குறுக்கே விரலால் தடவுங்கள். ஒரு விளிம்பு மேடாகத் தட்டினால் சுவரே நகர்ந்திருக்கிறது. சுவரின் மறுபுறத்திலும் அதே இடத்தில் கீறல் இருக்கிறதா பாருங்கள்.

கதவு இறுகுவதை மட்டும் நம்ப வேண்டாம். டிசம்பர் மழையில் மரம் ஊதும். கதவுக்கு மேலுள்ள இடைவெளி ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகி ஆப்பு வடிவில் இருந்தால், சட்டமே கோணியிருக்கிறது.

அகலத்தைவிட முக்கியம், விரிசல் இன்னும் வளர்கிறதா என்பது. அதன் இருபுறமும் பென்சிலால் சிறு சிலுவைக் குறி போட்டு, தேதி எழுதி, மாதம் ஒருமுறை வெர்னியர் காலிப்பரால் (நுண்ணிய அளவுகோல்) குறிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து பாருங்கள். விரிசலின் நுனியிலும் தேதியோடு ஒரு கோடு போடுங்கள். தரைச் சரிவுக்கு, உள்ளே இருப்பது தெரியும் 10 மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் இரு தூண்களில் பிடித்தால், நீர்மட்டமே சமக்கோடு. அதிலிருந்து தரைக்கு அளந்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் தரை கட்டியபோதே கோணலாக இருந்திருக்கலாம், அதனால் ஒரே அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

5 மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசல், அல்லது மாதாமாதம் வளரும் எந்த விரிசலும், கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டியது. தூணில் சரிவான கீறல் அல்லது காங்கிரீட் நொறுங்கல் கண்டால் அளந்துகொண்டிருக்க நேரமில்லை. வெளியேறி, கட்டட, கட்டுமான ஆணையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து 33 பேர் மாண்டதற்கு மண் காரணமில்லை, கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்காததுதான். ஆனாலும் தூண்கள்தான் முதலில் கைவிட்டன.

அதன் பிறகு வந்த சட்டப்படி அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை கட்டமைப்புச் சோதனை கட்டாயம். தரைவீடுகளுக்கு அது இல்லை. பார்த்துக்கொள்ள வேண்டியது வீட்டுக்காரர்தான். பக்கத்து வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்தால், தோண்டுவதற்கு முன்பே எல்லாச் சுவர்களையும் தேதியோடு படம் எடுத்து, கட்டுமான ஒப்பந்ததாரர் உங்கள் வீட்டின் நிலையைப் பதிந்து எடுக்கும் அறிக்கையின் ஒரு பிரதியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.