‘கடல் டைனோசர்’ எந்தக் கடலில் இருந்தது?

விடுமுறை வந்தால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும்படி ஆழ்கடல் ஆவணப்படங்கள் வரிசையாக வருகின்றன. அவற்றைத் தமிழ்க் குரலில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. திரையில் எது நீந்தி வந்தாலும் வர்ணனையாளருக்கு அது ‘கடல் டைனோசர்’. கழுத்து நீண்ட பிளிசியோசர் கடல் டைனோசர். மீன் உருவில் இருக்கும் இக்தியோசர் கடல் டைனோசர். வாயைப் பிளந்துகொண்டு வரும் மோசசரும் அதுவே. ஒரு படத்தில் ஆர்க்கிலான் என்ற பேராமை வந்தது. பாவம், ஆமையையும் விடவில்லை. இவற்றில் ஒன்றுகூட டைனோசர் இல்லை.

டைனோசர் என்ற சொல்லின் கதை சிறியது. 1842இல் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ‘அச்சந்தரும்’ என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லையும் பல்லி இனத்தைக் குறிக்கும் ‘சாரோஸ்’ என்பதையும் சேர்த்து இப்பெயரை ஆக்கினார். தரைவாழ் விலங்குகளில் ஒரு குறிப்பிட்ட கிளைக்கு வைத்த பெயர் அது. உடலுக்கு நேர் கீழே தூண்போல நிற்கும் கால்களும் அதற்கேற்ற இடுப்பெலும்பும் அந்தக் கிளையின் அடையாளங்கள். இக்தியோசரும் பிளிசியோசரும் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பெயர் பெற்றுவிட்டவை. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரைப் பாறைகளில் மேரி ஆனிங் என்ற புதைபடிவச் சேகரிப்பாளர் அவற்றைத் தோண்டி எடுத்தபோது டைனோசர் என்ற சொல்லே பிறக்கவில்லை. ஆக, முன்னால் வந்தவர்களுக்குப் பின்னால் வந்தவரின் பெயரை ஒட்டுகிறோம்.

ஒரே காலத்தில் வாழ்ந்தவைதானே, பெயரில் என்ன வந்தது என்பார்கள். பக்கத்து வீட்டில் குடியிருந்தார் என்பதற்காக ஒருவரை நம் குடும்ப அட்டையில் சேர்த்துவிட முடியுமா? மோசசருக்கு நெருங்கிய உறவு உடும்பும் பாம்பும். இக்தியோசர் எந்தக் கிளையிலிருந்து பிரிந்து கடலுக்குள் போனது என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். டைனோசர் கிளை இல்லை என்பதில் மட்டும் வாதமே கிடையாது. டைனோசர் வழியில் வந்து கடலை நம்பிப் பிழைக்கும் உயிர் ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும் என்றால் பென்குயினைக் காட்டலாம், ஏனெனில் பறவைகள் அந்த வழியில் வந்தவை. அதைக் கடல் டைனோசர் என்று சொல்ல ஒரு வர்ணனையாளருக்கும் துணிவில்லை.

தவறான பெயர் பெயரோடு நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். அது படம் முழுவதையும் குழப்புகிறது. இக்தியோசர் குட்டி ஈனும் காட்சி வந்தபோது என் அக்கா மகள், “மாமா, டைனோசர் முட்டைதானே போடும்?” என்றாள். கேள்வி சரி. டைனோசர் முட்டையிட்டது, இக்தியோசர் குட்டி போட்டது. வயிற்றுக்குள் குட்டிகளோடு கல்லாகிப்போன தாய்களை ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் கல்குவாரிகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ‘கடல்வாழ் ஊர்வன’ என்று சொல்லியிருந்தால் அவளே விடையைக் கண்டுபிடித்திருப்பாள். கண்ணாடி விரியன் குட்டி போடும் என்பது எங்கள் குமரி மேற்கில் ரப்பர் தோட்டத்துக்குப் போய்வரும் யாருக்கும் தெரியும். கடற்பாம்புகளில் பெரும்பாலானவையும் குட்டி போடுபவைதான்.

காலக்கணக்கும் இதே பெயரால் சிதைகிறது. விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. இக்தியோசர் அதற்கு இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே மறைந்துவிட்டது. இரண்டையும் டைனோசர் என்றால், ‘கல் விழுவதற்கு முன்னாலேயே ஏன் செத்தது’ என்று குழந்தை கேட்காதா? ஆங்கிலத்தில் 66 மில்லியன் என்று வரும் அந்தக் கணக்கையே ஒரு படத்தில் ‘66 கோடி ஆண்டுகள்’ என்று வாசித்தார்கள். மில்லியன் என்பது பத்து லட்சம் என்று தெரியாதவருக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தது யார்? 66 கோடி ஆண்டுகளுக்கு முன்பு முதுகெலும்புள்ள பிராணி ஒன்றுகூட இல்லை.

இனி மாற்றுச் சொற்களுக்கு வருவோம். தூய தமிழில் அக்கறையுள்ள நண்பர்கள் டைனோசருக்குத் ‘தொன்மா’ என்கிறார்கள். அந்த வரிசையில் இவற்றைக் ‘கடல் தொன்மா’ ஆக்குகிறார்கள். தொல், மா என்ற இரண்டும் சேர்ந்த அழகான புணர்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் மா என்பது விலங்கு. குதிரையும் மா, யானையும் மா. பழைய விலங்கு என்று பொருள்தரும் சொல்லை ஒரு கிளைக்கு மட்டும் உரியதாக்கினால், பனிக்காலத்து மாமத யானையை என்னவென்று சொல்வது? அதுவும் தொன்மாதானே? ஏற்கெனவே வாய் அகன்ற இந்தச் சொல்லோடு கடலைச் சேர்த்தால் பழைய திமிங்கிலம், பழைய கடற்பசு எல்லாம் உள்ளே வந்துவிடும். ‘கடல் டைனோசர்’ செய்யும் அதே பிழையைக் ‘கடல் தொன்மா’ தமிழ் வேட்டி கட்டிக்கொண்டு செய்கிறது. பிழை தூயதாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி ஏதும் இல்லை.

வேறு சிலர் ‘சாரோஸ்’ என்று கண்ட இடமெல்லாம் பல்லியை வைக்கிறார்கள். இக்தியோசர் ‘மீன்பல்லி’யாம். அப்படியானால் பிளிசியோசர் ‘கிட்டப்பல்லி’, மோசசர் ‘மியூஸ் ஆற்றுப்பல்லி’ என்றாக வேண்டும். தமிழில் பல்லி என்றால் சுவரில் நின்று சத்தம் போடுவது. நாம் பலன் பார்ப்பது. உடும்பு வேறு, ஓணான் வேறு, அரணை வேறு. அரணை கடித்தால் மரணம் என்று கேரள எல்லையின் இருபுறமும் பயமுறுத்துவார்கள். அந்தச் சாதுவுக்குக்கூட நாம் பல்லி என்று பெயர் வைக்கவில்லை. இத்தனையையும் பிரித்துப் பெயரிட்ட மொழியில், பஸ் நீளத்துக்கு இருந்த பிராணியைப் பல்லி என்றால் சிரிப்புத்தான் வரும். தனித்தனி விலங்கின் பெயரை ஒலிபெயர்த்துவிடுவதே மேல். இவற்றையெல்லாம் சேர்த்துச் சொல்லும் வகுப்பின் பெயருக்குத்தான் தமிழ் வேண்டும்.

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இந்தத் தொல்லை இல்லை. ஊர்வன வகுப்புக்கு மலையாளத்தில் ‘உரகங்ஙள்’ என்று பாடநூலிலேயே இருக்கிறது. பேச்சில் ‘இழஜந்து’வும் உண்டு. எங்கள் ஊரில் பலர் மலையாளக் குரலுக்கு மாற்றிக்கொண்டு படம் பார்ப்பதில் வியப்பில்லை. அதன் விளைவாக இங்கும் சிலர் ‘கடல் உரகம்’ என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். உரஸ் என்றால் மார்பு. மார்பால் செல்வது உரகம். மலையாளத்தில் அது வகுப்பின் பெயராக விரிந்துவிட்டது. தமிழில் உரகம் பாம்போடு நின்றுவிட்டது. தமிழ்க் காதுக்குக் ‘கடல் உரகம்’ கடற்பாம்பு மட்டுமே. அண்டை வீட்டுச் சொல் என்பதால் அதன்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் நம் வீட்டில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது.

ஊர்வன என்பதே சரி. ஊர்தல் என்றால் மெல்ல நகர்தல், தவழ்தல். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோமே, அந்த ஊர்தல். ஆங்கிலத்தில் இவ்வகுப்பைக் குறிக்கும் சொல்லும் தவழ்தலைச் சொல்லும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. தெலுங்கின் ‘சரீஸ்ருபம்’ அதே கருத்து. தொல்காப்பிய மரபியல் ‘தவழ்பவை’ என்று ஒரு கூட்டத்தைச் சொல்லி, அவற்றின் இளமைக்குப் பறவைகளைப் போலவே பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களைத் தருகிறது. முதலைக்குஞ்சும் ஆமைக்குஞ்சும் ஐங்குறுநூற்றில் ‘பார்ப்பு’தான். இக்தியோசரின் இளசைக் குட்டி என்பதா, பார்ப்பு என்பதா என்று கேட்டால் எனக்குப் பார்ப்பின்மேல் ஆசை உண்டு. ஆனால் படம் பார்க்கும் பிள்ளைக்குக் குட்டிதான் புரியும்.

‘நீந்துவதை ஊர்வன என்று எப்படிச் சொல்வீர்கள்?’ என்று தமிழாசிரியர் ஒருவர் மடக்கினார். எழுவகைப் பிறப்பில் ஊர்வன வேறு, நீர்வாழ்வன வேறு என்று முன்னோர் பிரித்திருக்கிறார்களே என்றார். நல்ல கேள்விதான். அந்தப் பழைய பிரிவு உயிர்கள் இருக்கும் இடத்தையும் நகரும் விதத்தையும் பார்த்தது. இன்றைய வகைப்பாடு வம்சத்தைப் பார்க்கிறது. திமிங்கிலம் நீரில் இருக்கிறது என்பதற்காக அதைப் பாலூட்டி இல்லை என்று சொல்கிறோமா? இக்தியோசருக்குச் செவுள் கிடையாது. காற்றுக்காக மேலே வந்தே ஆகவேண்டும். அதன் முன்னோர் தரையில் ஊர்ந்தவை. கால்கள்தான் துடுப்புகளாக மாறின. ‘கடல்வாழ்’ என்பது குடிபோன முகவரியைச் சொல்கிறது, ‘ஊர்வன’ பிறந்த குலத்தைச் சொல்கிறது. முரண்போலத் தோன்றும் அந்த இரண்டு சொற்களுக்குள்தான் இந்த விலங்குகளின் வரலாறே இருக்கிறது. நல்ல வர்ணனையாளர் அந்த முரணையே விளக்கிக் கால் மணி நேரம் பேசலாம்.

இவை நமக்குத் தொடர்பில்லாத வெள்ளைக்காரக் கடல் சமாசாரம் என்றும் ஒதுக்க முடியாது. திருச்சி வட்டாரத்துப் பாறைகளில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து 1879இலேயே லிடெக்கர் என்ற ஆங்கிலேயப் புதைபடிவ ஆய்வாளர் ஓர் இக்தியோசருக்கு இந்தியாவின் பெயரைச் சூட்டினார். பெரம்பலூர் மாவட்டம் காரையின் களிமண் மேடுகளில் இக்தியோசர் பற்கள் கிடைத்திருக்கின்றன. ஒருகாலத்தில் கடலாக இருந்த இடம் அது. தமிழில் பேசும் படத்துக்கு அதைப்பற்றி ஒரு வரி சேர்க்க எந்த மொழிபெயர்ப்பாளருக்கும் தோன்றவில்லை. மூலத்தில் இல்லையே என்பார்கள். மூலத்தில் இல்லாத டைனோசரை மட்டும் எங்கிருந்து கொண்டுவந்தார்கள்?

இலக்கணம் பற்றி ஒரு வார்த்தை. ஊர்வன என்பதே பன்மை. பறப்பன, நடப்பன போல. ‘ஓர் ஊர்வன’ என்று எழுதுவது ‘ஒரு மாடுகள்’ என்பதைப் போன்றது. ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் ‘ஊர்வன வகை விலங்கு’ என்றால் தீர்ந்தது. இதைவிடக் கொடுமை, எழுத்துப்பட்டைகளில் இப்போது பரவலாகக் காணும் ‘ஊர்வனங்கள்’. ஊரும் வனமும் சேர்ந்தால் சமூகக்காடு திட்டம்தான் கிடைக்கும், பிளிசியோசர் கிடைக்காது.